பாயைச் சுருட்டிய ஊர்

காஞ்சிபுரத்தில் நிம்மதியாகத் தூங்கக் கொடுத்துவைத்தவர்கள் சாமிகள்தான். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்த சரஸ் குளத்துக்கு அடியில் படுத்திருக்கும் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1939, 1979, கடைசியாக 2019. அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, மொத்தம் 48 நாள். அதிலும் ஜூலை முழுக்கப் படுத்தபடியேதான் தரிசனம். ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் எழுந்து நின்றார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பிறகு அவர் குளத்துக்குள் போய்ப் படுத்துவிட்டார். இனி 2059 வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அந்த 48 நாளும் ஊர் சரியாகத் தூங்கவில்லை. நடுராத்திரியிலும் வந்து இறங்கும் பஸ்கள், ஒலிபெருக்கி, விடியலுக்கு முன்பே வரிசையில் இடம் பிடிக்க ஓடும் செருப்புச் சத்தம். "சாமி தூங்க நாம முழிச்சிருக்கணும்னு எழுதியிருக்கு" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் தறி நெய்பவர். அவர் சொன்னது அந்த 48 நாளைப் பற்றி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை தூக்கத்தைப் பற்றியது. எழுதத் தூண்டியது என் சித்தப்பா மகன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு ஆலையில் வாரம் மாறி வாரம் ஷிப்ட் பார்க்கிறான். ஒரு நாள் போனை நீட்டி, "அஸ்வகந்தா கம்மி வாங்கலாமா? நேச்சுரல்தான், பக்கவிளைவு இல்லைன்னு போட்டிருக்கான்" என்று கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி கொஞ்சம் பெரியது. ஒரு ஊர் எப்படித் தூங்கியது, எதைத் தின்று தூங்கியது, யாரைத் தூங்கவிட்டது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அது கொஞ்சம் நீளமானது.

*

தூங்கும் கடவுளைப் பற்றிய காஞ்சிபுரத்தின் நினைவு அத்தி வரதரிடம் தொடங்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதிலேயே திருவெஃகாவில் பாம்பைப் படுக்கையாகக் கொண்டு கிடப்பவன் வந்துவிடுகிறான். ஆக, இந்த ஊரைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ப் பதிவுகளில் ஒன்றிலேயே ஒரு படுக்கை இருக்கிறது.

அந்தத் திருவெஃகா கோயில்தான் இன்றைக்கு யதோத்தகாரி பெருமாள் கோயில். தமிழில் இன்னும் அழகான பேர்: சொன்ன வண்ணம் செய்த பெருமாள். யார் சொன்ன வண்ணம்? அந்தக் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

திருமழிசை ஆழ்வாருக்கு இங்கே தொண்டு செய்துவந்த ஒரு கிழவி இருந்தாள். ஆழ்வார் அருளால் அவள் இளமை திரும்பப் பெறுகிறாள். பல்லவ ராஜா அவளைப் பார்த்து மயங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறான். வருஷங்கள் போகின்றன. ராஜாவுக்கு நரைக்கிறது, அவளுக்கு நரைக்கவில்லை. எனக்கும் அந்த இளமை வேண்டும் என்கிறான். ஆழ்வாரை அழைத்து வா என்று அவருடைய சீடன் கணிகண்ணனைக் கேட்கிறான். அவர் அரண்மனைக்கெல்லாம் வர மாட்டார் என்கிறான் கணிகண்ணன். சரி, நீயாவது என்னைப் பற்றிப் பாடு என்கிறான் ராஜா. அதற்கும் மறுக்கிறான். ஊரை விட்டுப் போ என்று உத்தரவு.

கணிகண்ணன் கிளம்புகிறான். அவன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்புகிறார். கிளம்பும்போது கோயிலில் படுத்திருப்பவரிடம், நாங்கள் போகிறோம், உனக்கும் இங்கே வேலையில்லை, உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறார். ஊர் இருண்டுபோகிறது. மூவரும் பாலாற்றங்கரைப் பக்கம் ஓரிடத்தில் ஒரு ராத்திரி தங்குகிறார்கள். அந்த 'ஓர் இரவு இருக்கை'தான் இன்றைய ஓரிக்கை என்கிறார்கள். ராஜா ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, எல்லாரும் திரும்புகிறார்கள். திரும்பி வந்த பெருமாள் முன்பு படுத்ததற்கு நேர்மாறாகப் பக்கம் மாறிப் படுத்தாராம். மற்ற சயனக் கோலங்களிலிருந்து இந்தக் கோயில் மூர்த்தி வேறுபட்டிருப்பதற்கு இன்றும் சொல்லப்படும் காரணம் இதுதான்.

இதைப் பக்திக் கதையாகப் படிக்கலாம். நான் தூக்கத்தின் கதையாகவும் படிக்கிறேன். ராஜா கேட்டது என்ன? வயதாகாமல் இருக்க ஒரு வழி. இன்றைய பாஷையில் ஒரு சப்ளிமென்ட். அது கிடைக்காத கோபத்தில் ஒருவனைத் துரத்துகிறான். விளைவு, ஊரிலேயே ஆழ்ந்து தூங்குகிறவரின் பாய் சுருட்டப்படுகிறது. ஒருவனுக்கு அநியாயம் நடந்த ஊரில் சாமியும் படுத்திருக்க முடியாது என்று இந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தூக்கத்தை அவர்கள் ஓர் உடம்புக்குள் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. ஊரின் நடப்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

காஞ்சிக்கு இன்னொரு தூக்கக் கதையும் உண்டு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலைக் கட்டினான். பெரியபுராணத்தில் காஞ்சி மன்னன் ஒருவன் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறிக்கிறான். முதல் நாள் ராத்திரி கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் வர முடியாது, திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன் என்கிறார். போய்ப் பார்த்தால் அங்கே கோயிலே இல்லை. பூசலார் கையில் காசில்லாதவர். மனசுக்குள்ளேயே கல் சுமந்து, அஸ்திவாரம் போட்டு, கோபுரம் எழுப்பியவர். அந்த வேலையை அவர் ராத்திரியிலும் கண் மூடாமல் செய்தார் என்று சேக்கிழார் குறிப்பாகச் சொல்கிறார். அந்த மன்னன் ராஜசிம்மன்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

கவனியுங்கள். ராஜா தூங்குகிறான், அதனால் அவனுக்குக் கனவு வருகிறது. ஏழை முழித்திருக்கிறான், அதனால் கோயில் எழும்புகிறது. சேக்கிழார் பக்திக்காகச் சொன்னதுதான். ஆனால் ராத்திரி யாருக்கு ஓய்வு, யாருக்கு வேலை என்கிற கணக்கு அதற்குள் தெரியாமல் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

*

இனி தறித் தெரு. எங்கள் குடும்பம் பிள்ளையார்பாளையம். தாத்தா தறி நெய்தவர். வீட்டு முன்கூடத்தில் பாதி தறிக்குத்தான். தரையில் குழி, குழிக்குள் மிதிகள். நெய்பவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். மீதி இருக்கிற இடத்தில்தான் சமையல், சாப்பாடு, படிப்பு, பாய்.

நெசவாளியின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறினால் இழை காய்ந்து முறுக்கேறும் என்பதால் தெருவில் பாவு நீட்டும் வேலையை இருட்டோடு இருட்டாக ஆரம்பிப்பார்கள். பிறகு தறி. கோர்வைச் சேலை என்றால் ஒரு ஆளால் முடியாது. உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடி இரண்டும் கோக்கப்பட வேண்டும். அதனால் ஒரு பக்கம் கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பிப் போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளையாக இருந்தது. சொந்தப் பிள்ளை, இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிய வேறொரு வீட்டுப் பிள்ளை. இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரமும் அதற்கு மேலும் உட்கார்ந்ததை அது பதிவு செய்தது. அதில் காஞ்சிபுரமும் உண்டு.

தாத்தாவுக்குத் தூக்கம் வராத பிரச்சினை இருந்ததே இல்லை. தலை சாய்த்தால் போதும். தூங்க நேரம் கிடைப்பதுதான் பிரச்சினை. தீபாவளிக்கு முன்னாலும் முகூர்த்த மாசங்களுக்கு முன்னாலும் ராத்திரி விளக்கு வைத்து நெய்ய வேண்டியிருக்கும். அப்புறம் மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலையே இருக்காது. அப்போது நேரம் இருக்கும், ஆனால் கூலி இல்லாத கவலையில் கண் மூடாது. ஆயா இதை ஒரே வரியில் சொல்வாள்: "வேலை இருந்தா தூங்க விடாது, வேலை இல்லன்னா தூக்கம் வராது."

கொஞ்ச நாள் முன்பு சரக சம்ஹிதையில் தூக்கம் பற்றிய பகுதியைப் படித்தபோது ஆயாவின் வாக்கியம் அங்கேயே உட்கார்ந்திருந்தது போலிருந்தது. சூத்திர ஸ்தானத்தின் 21ஆம் அத்தியாயம். தூக்கம் கெடுவதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. பயம், கவலை, கோபம், பட்டினி, வசதியில்லாத படுக்கை. முடிவில் ஐந்து காரணங்களைத் தொகுக்கிறது: காரியம், காலம், நோய், உடல்வாகு, வாதம். முதல் காரணமே காரியம், அதாவது வேலை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு மருத்துவ நூல், தூக்கமின்மைக்கு நோயைச் சொல்வதற்கு முன்பாக வேலையைச் சொல்கிறது.

தீர்வாக அந்த அத்தியாயம் சொல்வதும் கவனிக்க வேண்டியது. எண்ணெய் தேய்த்தல், குளியல், பால், தயிரும் சோறும், மனசுக்குப் பிடித்த சத்தம், பிடித்த வாசனை, யாராவது கைகால் பிடித்துவிடுதல், நல்ல படுக்கை, நல்ல இடம், சரியான நேரம். வாயில் போடும் வஸ்துக்கள் இந்தப் பட்டியலில் பாதிகூட வராது. மீதி எல்லாம் ஏற்பாடு. இன்னொருவர் வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும்.

பகல் தூக்கத்திலும் அதே போக்கு. பொதுவாகப் பகலில் தூங்காதே என்று சொல்லிவிட்டு, உடனே விலக்குகளை அடுக்குகிறது. கோடை காலம், குழந்தைகள், கிழவர்கள், பாரம் சுமந்தவர்கள், வழி நடந்தவர்கள், ராத்திரி விழித்தவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தூங்கலாம். நம்ம பக்கம் இந்த இளக்காரம் குறைவு. தேரையர் பேரில் வழங்கும் நோயணுகா விதி பகல் தூக்கம் கூடாது என்று கறாராகச் சொல்கிறது. வள்ளுவர் தூக்கத்தை மறதி, சோம்பல், தாமதம் ஆகியவற்றோடு ஒரே படகில் ஏற்றி, கெட்டுப்போக நினைப்பவர்கள் விரும்பி ஏறும் படகு என்று அனுப்பிவைக்கிறார். பள்ளிக்கூடச் சுவரில் எழுத வசதியாக இருந்ததும் இதுதான். வேடிக்கை என்னவென்றால், 'பள்ளி' என்ற சொல்லே படுக்கும் இடத்தைக் குறித்தது. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிப் படுத்த இடம் பள்ளி. அங்கே பாடமும் நடந்ததால் பள்ளிக்கூடம். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தை இன்றும் ஜின காஞ்சி என்பார்கள். படுக்கையில் பிறந்த சொல்லை வைத்துக்கொண்டு தூங்காதே என்று பாடம் நடத்துகிறோம்.

*

எங்கள் வீட்டில் 'தூக்க மருந்து' என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் ஆயா நிறைய செய்வாள். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். கோடையில் சாயங்காலமே மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவைப்பாள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய். பிள்ளைகள் ரொம்பப் புரண்டால் பாலில் ஜாதிக்காயைக் கல்லில் ஒரே ஒரு இழைப்பு. கசகசா அரைத்த பால் எப்போதாவது.

இதில் எது வேலை செய்தது? மாடியில் தண்ணீர் தெளித்தது நிச்சயம் வேலை செய்திருக்கும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். 2015இல் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே என்ற மூன்று குழுக்களின் தூக்கத்தை அளந்த ஓர் ஆய்வு வந்தது. மின்விளக்கில்லாத அந்த மக்கள் இருட்டியதும் படுத்துவிடவில்லை. சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் தூங்கினார்கள். ராத்திரிக் குளிர் இறங்க இறங்கத் தூங்கி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தார்கள். 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள்' என்பதும் அங்கே உடைந்தது. அவர்கள் தூங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம் வரைதான்.

இடையில் முழிப்பு வருவதும் எப்போதும் நோயாகக் கருதப்பட்டதில்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று ராத்திரியை இரண்டாக மடித்துத் தூங்கியதை வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் 2001 முதல் எழுதிவருகிறார். நம்மிடமும் ராத்திரி ஒரே துண்டாக இருந்ததில்லை. அதைச் சாமங்களாகத்தான் எண்ணினோம். சிவன் கோயிலின் ஆறு காலப் பூஜையில் கடைசி அர்த்தசாமம். அது முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளப் பண்ணி, பால் நைவேத்தியம் செய்து, கதவைச் சாத்துவார்கள். நாகஸ்வரத்தில் நீலாம்பரி வாசிக்கும் வழக்கமும் உண்டு. விடியலில் திரும்ப எழுப்புவார்கள். பால், பாட்டு, இருட்டு, தினமும் ஒரே நேரம். இன்றைய தூக்க மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு ஏறக்குறைய இதுதான். கோயிலைச் சுற்றியிருந்தவர்களுக்கு அந்த மணிச்சத்தம் ஒரு பொதுக் கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தை மின்சாரம் மெல்லக் கலைத்தது. ராத்திரிச் சினிமா, ராத்திரிப் பொதுக்கூட்டம், வாசகசாலை எல்லாம் வந்தன. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பகல் முழுக்க முதலாளிக்குப் போனவர்களுக்கு ராத்திரி மட்டும்தான் சொந்த நேரம். 1909இல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, தாமதமாக வந்த ஒரு கூட்டத்தில் சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று அடுக்கிப் பேசி, தூங்கி வழிந்த கூட்டத்தை எழுப்பினார் என்று இன்றும் சொல்வார்கள். ஒரு தலைமுறை தன் தூக்கத்தைக் கொடுத்து அரசியலை வாங்கியது. அது அவர்களே விரும்பிக் கொடுத்த தூக்கம்.

பிடுங்கப்பட்ட தூக்கம் வேறு. 1920களில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளுக்கு அபின் கலந்த சின்ன உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 'பால கோலி' என்று பேர். குழந்தை ஷிப்ட் முடியும்வரை தூங்கும். அதிகாரிகளும் மருத்துவர்களும் எழுதி எழுதிப் பதறினார்கள். அந்தத் தாய்மார்களை மூடர்கள் என்றவர்களும் உண்டு. ஆலையில் குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் அறை இருந்திருந்தால் அந்த உருண்டைக்கு என்ன வேலை? அபினும் 'நேச்சுரல்'தான். ஆயா பாலில் போட்ட கசகசா அதே செடியின் விதை.

*

இந்த 'நேச்சுரல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். சர்ப்பகந்தா என்றொரு செடி. வெறி, தூக்கமின்மை, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாகப் புழங்கியது. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதன் வேர் பயன்படுவதை எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் இதைப் பற்றிப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் இதிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வேர் நிஜமாகவே வேலை செய்தது. அதனாலேயே அதன் கெடுதியும் நிஜமாக இருந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததாகப் புகார்கள் குவிந்தன. வேலை செய்யும் எதற்கும் பக்கவிளைவு இருக்கும் என்பதை மருந்தியலுக்குக் கற்றுக்கொடுத்த இந்தியச் செடிகளில் இது ஒன்று. ஜாதிக்காயும் அப்படித்தான். ஒரு இழைப்பு வரை வாசனை, அளவு மீறினால் வாந்தி, படபடப்பு, மாயத்தோற்றம். ஆயா ஒரு இழைப்புக்கு மேல் போடாததற்குக் காரணம் இருந்தது.

தம்பி கேட்ட அஸ்வகந்தா நமக்குப் புதுசு இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்கு என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதன் தாவரவியல் பேரிலேயே 'சோம்னிஃபெரா' என்று தூக்கம் இருக்கிறது. 2021இல் ஐந்து பரிசோதனைகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்து அலசிய ஆய்வு ஒன்று வெளியானது. தூக்கத்தில் சின்ன அளவு முன்னேற்றம் உண்டு என்றது அது. சின்ன அளவு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம், சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்ட மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கம்மி என்கிற வடிவத்தின் கதை அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1994இல் அங்கே வந்த ஒரு சட்டம் இந்த மாதிரிச் சரக்குகளை மருந்தாகக் கருதாமல் உணவுத் துணைப்பொருளாக விற்க வழிவிட்டது. விற்பதற்கு முன் பலனை நிரூபிக்க வேண்டியதில்லை. 1958இல் ஆரன் லெர்னர் கண்டுபிடித்த மெலடோனினும் அந்த வழியில் கடைக்கு வந்தது. 2023இல் 25 மெலடோனின் கம்மி வகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் 22இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் கிழங்கையாவது கண்ணெதிரே காட்டுவார்.

*

மருந்து வேண்டாம், பழக்கத்தை மாற்று என்பது அடுத்த அறிவுரை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் போன் பார்க்காதது, மத்தியானத்துக்கு மேல் காபியைக் குறைப்பது. எல்லாம் நல்லதுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரைக்குப் பதில் நடத்தை மாற்றச் சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஆனால் எல்லாராலும் பழக்கத்தை மாற்ற முடியுமா?

இதற்கான பதிலில் ஒரு பகுதி நம் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2021இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸில் வெளியானது. மணிக்கட்டுக் கருவி கட்டி அளந்தார்கள். அவர்கள் படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். சூடு, கொசு, சத்தம், வெளிச்சம், நெருக்கடி. கண்மறைப்பு, காதடைப்பான், ஆலோசனை, ஊக்கத்தொகை என்று கொடுத்துப் பார்த்ததில் ராத்திரித் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. ஆனால் அவர்களின் வேலையிலோ நலத்திலோ அதனால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. உடைந்து உடைந்து வரும் தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் உடைந்த தூக்கம் சேர்ந்தது, அவ்வளவுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அதே ஆய்வில் வேறு சிலருக்கு மத்தியானம் வேலையிடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் அரை மணி நேரம் தூங்க விட்டார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, வேலையின் வேகம் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. ஒரு குறை உண்டு. தூங்கிய நேரத்துக்குக் கூலி குறைந்தது.

சரகர் போட்ட விலக்குப் பட்டியல் ஞாபகம் வருகிறதா? பாரம் சுமந்தவன், ராத்திரி விழித்தவன் பகலில் தூங்கலாம். தாத்தாவும் உச்சி வெயிலில் தறியை விட்டு எழுந்து திண்ணையில் துண்டை விரித்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அந்த அரை மணி நேரத்தில் ஊடை ஓடாது, அவர் கணக்கில்தான் குறையும். ஆனாலும் தறி அவர் வீட்டில் இருந்தது. எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லை. இன்று தம்பியின் ஆலையில் அந்தத் திண்ணை இல்லை. பிள்ளையார்பாளையத்திலும் பல வீடுகளில் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஆலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். தறியில் குழந்தைகள் உட்கார்ந்த காலம் திரும்ப வர வேண்டாம், எனக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது. ஆனால் போன கையோடு மத்தியானத் தூக்கத்தின் உரிமையும் போய்விட்டது.

ராத்திரி ஷிப்ட் சும்மா விஷயமும் அல்ல. உடம்பின் இருபத்துநான்கு மணிநேரக் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையை, 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளது' என்ற வகையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே வகையில் வைத்தது. அந்தக் கடிகாரத்தின் மரபணுப் பொறிமுறையைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல். அறிவியலுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஷிப்ட் போடும் அட்டவணைக்குத்தான் தெரியவில்லை.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். கம்மி வேண்டாம். பகலில் தூங்கும் அறைக்கு இருட்டான திரை போடு. ஷிப்ட் முடிந்து வரும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். ஷிப்டின் பின்பாதியில் டீ குடிக்காதே. வீட்டில் அந்த நேரத்தில் மிக்ஸி போட வேண்டாம் என்று அம்மாவிடம் நானே பேசுகிறேன். இது எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் போ. இன்னொன்று, ஒரு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறாமல் கொஞ்ச நாள் நிலையாக இருக்கும்படி, மாறினாலும் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி மாறும்படி நாலு பேராகச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

"கடைசியில சொன்னதுதான் கஷ்டம்" என்றான். ஆமாம், அதுதான் கஷ்டம். கிழங்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தனியாகக் கேட்டால் கணிகண்ணனுக்குக் கிடைத்த உத்தரவுதான் கிடைக்கும். அவன் கதையில் ஒருவனுக்காக ஆழ்வார் எழுந்தார், ஆழ்வாருக்காகப் பெருமாளே எழுந்தார், அப்புறம்தான் ராஜா இறங்கி வந்தான். ஓரிக்கை வழியாகத்தான் ஆலை பஸ் ஒன்றும் போகிறது. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்து, கிடைத்த மட்டும் தூங்கிக்கொண்டே அந்த ஊரைக் கடக்கிறார்கள்.